மீட்டுப் பார்த்ததுண்டா?



நம் முன்னோரின் வீடுகளில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. நிலப் பத்திரம், திருமண அழைப்பிதழ், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், அயலூரில் வேலை பார்த்த மகன் எழுதிய கடிதங்கள், மங்கிப்போன ஒன்றிரண்டு நிழற்படங்கள் ஆகிய யாவும் அப்பெட்டியினுள் அடங்கியிருந்தன. வீட்டினுள் வெள்ளம் புகுந்தால் முதலில் அதைத்தான் பரண்மேல் ஏற்றினர். இன்று பல இல்லங்களில் அப்பெட்டியின் வேலையை ஒரு கணிப்பொறி செய்து வருகின்றது. பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகள், வருமான வரிக் கணக்கு, மகளின் கல்லூரிச் சான்றிதழ்கள், இருபதாண்டு காலக் குடும்பப் படங்கள், மறைந்த தாத்தா பேரனைப் பெயர் சொல்லி அழைக்கும் சிறியதொரு வீடியோ ஆகிய எல்லாம் அதனுள் இருக்கின்றன. கணிப்பொறி பழுதுபட்டால் மற்றொன்றை வாங்கிவிடலாம். தாத்தாவின் குரலை எந்தக் கடையில் சென்று வாங்குவது?

"இவற்றிற்கெல்லாம் நகல் எடுத்து வைத்திருக்கின்றீர்களா?" என்று வினவினால், "பேக்கப் இருக்கின்றது" என்று பலரும் விடை கூறுவர். "அந்த நகலிலிருந்து என்றேனும் ஒரு படத்தையாவது மீட்டுப் பார்த்ததுண்டா?" என்று அடுத்து வினவினால், பெரும்பாலோர் மௌனம் சாதிப்பர். இம்மாதக் கட்டுரை அந்த இரண்டாம் வினாவைப் பற்றியது. நகல் எடுப்பது பாதி வேலையே; அதிலிருந்து மீட்க முடியும் என்று கண்ணாரக் கண்டறிந்த பின்னரே அவ்வேலை முழுமை பெறுகின்றது.

இழப்பு வரும் வழிகள்

முதலில், எவ்வாறெல்லாம் இழப்பு நேரக்கூடும் என்பதை அறிந்துகொள்வோம். வழி தெரிந்தால்தான் காவல் எங்கே வேண்டும் என்பது விளங்கும்.

முதலாவது வழி, ஹார்டு டிஸ்க் பழுதடைவது. பழைய வகை டிஸ்க்கினுள் மெல்லிய தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் முனை, தலைமயிரின் கனத்தைவிடப் பன்மடங்கு குறுகிய இடைவெளியில் தட்டின்மேல் மிதக்கின்றது. கீழே விழுதல், அதிர்ச்சி, முதுமை ஆகிய ஏதேனும் ஒன்று அம்முனையைத் தட்டின்மேல் உராயச் செய்தால் அங்குள்ள தகவல் அழிந்துபோகும். புதிய எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் பாகம் ஏதுமில்லை. ஆயினும் முன்னறிவிப்பு எதுவுமின்றி ஒரு காலையில் அது முற்றிலும் செயலற்றுப் போவதுண்டு. மேலும், எஸ்.எஸ்.டி.யிலிருந்து அழிக்கப்பட்ட கோப்புகளின் இடத்தைக் கணிப்பொறி தானாகவே துடைத்துவிடுவதால், "கடையில் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்" என்னும் பழைய நம்பிக்கை பெரும்பாலும் பலிப்பதில்லை.

இரண்டாவது வழி, நம் கையே. தேவையற்றது என்று எண்ணித் தேவையானதை அழித்துவிடுகின்றோம். வேகம் குறைந்துவிட்டது என்று கணிப்பொறியைப் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுசெல்கின்றோம். "ஃபார்மட் போட்டுவிடலாமா?" என்று கடைக்காரர் கேட்க, அதன் பொருளை உணராமலே தலையை அசைத்துவிடுகின்றோம். ஃபார்மட் என்பது டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக்குவதாகும். நகல் எடுக்காத கணிப்பொறியைக் கடைக்கு அனுப்பலாகாது என்பதை வீட்டின் சட்டமாகவே வைத்துக்கொள்ளுதல் நன்று.

மூன்றாவது வழி, பணம் பறிக்கும் வைரஸ். 2017-ஆம் ஆண்டு மே மாதம் 'வான்னாக்ரை' என்னும் வைரஸ் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கியது. அது கோப்புகளைத் திருடிச் செல்லவில்லை. இருந்த இடத்திலேயே அவற்றைப் பூட்டி, சாவி வேண்டுமாயின் பணம் கொடு என்றது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளும் அதற்குத் தப்பவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் பொருத்தாதவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர். இத்தகைய வைரஸ், கணிப்பொறியோடு அவ்வேளையில் இணைந்திருக்கும் வெளி டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும் என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது வழி, திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அடையாறு கரைபுரண்டபோது, சென்னையில் எத்தனையோ வீடுகளின் தரைத்தளம் நீரில் மூழ்கியது. மேசைமேல் கணிப்பொறியும் மேசை இழுப்பறையில் அதன் நகலும் இருந்தால், வெள்ளத்திற்கு அவை இரண்டல்ல, ஒன்றே.

ஐந்தாவது வழியைப் பலரும் அறியார். கோப்புகள் பழுதின்றி இருக்கும். டிஸ்க்கும் நலமாக இருக்கும். ஆனால் சாவி இராது. இதைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

ஒரு திரைப்படம் பிழைத்த கதை

அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் 'டாய் ஸ்டோரி 2' என்னும் சித்திரத் திரைப்படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. படம் முழுவதும் கணிப்பொறியிலேயே உருவாயிற்று. ஒரு நாள் யாரோ ஒருவர் தவறான இடத்தில் கொடுத்த ஒரே ஓர் அழிப்புக் கட்டளையால், பாத்திரங்களும் காட்சிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறையத் தொடங்கின. பணியாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்தின் பெரும்பகுதி காணாமற் போயிற்று.

அவர்கள் அஞ்சவில்லை, நகல் எடுக்கும் ஏற்பாடு இருந்ததன்றோ? ஆனால் அந்த நகலைத் திறந்தபோதுதான், அது முறையாகப் பதிவாகவே இல்லை என்பது வெளிப்பட்டது. நகல் எடுக்கப்பட்டு வருகின்றது என்று எல்லாரும் நம்பினரேயன்றி, அதிலிருந்து மீட்டுப் பார்த்தவர் எவரும் இலர்.

அந்நேரத்தில், படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளருள் ஒருவரான கேலின் சஸ்மன் என்னும் பெண்மணிக்கு ஒன்று நினைவிற்கு வந்தது. அவர் அண்மையில் குழந்தை பெற்றவர். கைக்குழந்தையை விட்டு வர இயலாததால் வீட்டிலிருந்தே பணியாற்றிவந்தார். அதற்காகப் படத்தின் பிரதி ஒன்று அவர் வீட்டுக் கணிப்பொறியில் இருந்தது. உடனே வீட்டிற்கு விரைந்து, அக்கணிப்பொறியைப் போர்வைகளில் சுற்றி, காரில் ஏற்றி, பச்சிளங்குழந்தையைக் கொண்டுவருவதுபோலப் பக்குவமாகக் கொண்டுவந்து சேர்த்தனர். படம் பிழைத்தது, 1999-ஆம் ஆண்டு நவம்பரில் திரைக்கும் வந்தது.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவன இரண்டு. சோதித்துப் பாராத நகல் நகலாகாது என்பது ஒன்று. வேறு கூரையின் கீழிருந்த பிரதியே காத்தது என்பது மற்றொன்று. முன்னது இல்லாமையால் நிறுவனம் தத்தளித்தது; பின்னது தற்செயலாக அமைந்ததால் தப்பியது. நம் இல்லங்களில் தற்செயலை நம்பியிருத்தல் தகுமா?

நகல் போல் தோன்றி நகல் ஆகாதவை

நம்மிடையே வழங்கும் சில பழக்கங்கள் பாதுகாப்பு என்னும் மயக்கத்தைத் தருகின்றன. அவற்றை இனங்காண்பது இன்றியமையாதது.

"சி டிரைவில் இருப்பதை டி டிரைவிலும் போட்டு வைத்திருக்கின்றேன்" என்பர் சிலர். பெரும்பாலான வீட்டுக் கணிப்பொறிகளில் சி, டி என்பவை இரு வேறு பெட்டிகள் அல்ல. ஒரே பெட்டியின் இரு அறைகள். பெட்டியே எரிந்தால் அறைகள் இரண்டும் எரியும்.

"கூகிள் டிரைவிலும் ஒன்டிரைவிலும் தானாகவே போய்விடுகின்றது" என்பர் வேறு சிலர். அவை நல்ல வசதிகளே. ஆயினும் இங்கிருப்பதை அங்கேயும் அப்படியே காட்டுவதே அவற்றின் முதன்மையான வேலை. இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அது அழியும். குப்பைத் தொட்டியில் பொதுவாக 30 நாட்கள் கிடக்கும், அதன்பின் இல்லை. ஏப்ரலில் தவறி அழித்த கோப்பை ஆகஸ்டில் தேடுபவருக்கு அதனால் பயன் யாது? மேலும், கூகிள் இலவசமாகத் தரும் இடம் 15 ஜி.பி.; அது மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்தே. மைக்ரோசாஃப்டும் ஆப்பிளும் தருவது 5 ஜி.பி. மட்டுமே. இடம் நிறைந்த அன்றே புதியவை சேர்வது நின்றுவிடும். எச்சரிக்கை வரும், அதைப் படியாமலே மூடிவிடுவதன்றோ நம் வழக்கம்?

"பென் டிரைவில் வைத்து பீரோவில் பூட்டிவிட்டேன்" என்பர் இன்னும் சிலர். பென் டிரைவ் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்ல ஏற்றது. ஆண்டுக்கணக்கில் பேணி வைக்க ஏற்றதன்று. அதில் மின்னேற்றமாகவே தகவல் தங்குகின்றது. நெடுங்காலம் கிடந்தால் அது கசிந்துபோகக்கூடும். இருபதாண்டுகளுக்கு முன் திருமணம் கண்டவர்களின் வீடுகளில் சி.டி.யில் பதிந்த திருமண வீடியோ இருக்கும். அந்த சி.டி. கீறலின்றி இருப்பினும், இன்று விற்கும் மடிக்கணிப்பொறிகளுள் பெரும்பாலானவற்றில் அதைச் செருக இடமில்லை. படிக்கும் கருவி மறைவதும் இழப்பே. ஆதலால் பழைய ஊடகத்தில் இருப்பதைப் புதிய ஊடகத்திற்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே வரவேண்டும்.

மூன்று, இரண்டு, ஒன்று

பீட்டர் க்ரோக் என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் எளியதொரு விதியைப் பரப்பினார். தகவல் எதுவாயினும் அதற்கு 3 பிரதிகள் இருத்தல் வேண்டும். அவை குறைந்தது 2 வெவ்வேறு வகை ஊடகங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் 1 வேறு இடத்தில் இருத்தல் வேண்டும். இதுவே அவ்விதி. அன்றாடம் பயன்படுத்துவது முதற்பிரதி. வீட்டிலுள்ள வெளி டிஸ்க் இரண்டாம் பிரதி. வேறோர் இடத்திலுள்ளது மூன்றாம் பிரதி. இவ்வளவே.

இவ்விதியின் கடைசிப் பகுதி, கணிப்பொறிக்கு முன்பே மனிதர் அறிந்திருந்த ஒன்று. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருமுழுக்கு, திருமணம், இறப்பு முதலியவற்றைக் குறிக்கும் பங்குப் பதிவேடுகளின் உறுதி செய்த நகலை ஆண்டு முடிவில் ஆயரின் அலுவலகத்திற்கு அனுப்புமாறு பங்குக் குருவைப் பணித்தது. பங்கில் தீயோ கரையானோ பதிவேட்டை அழித்தாலும் மக்களின் பிறப்பும் மணமும் அழிந்துவிடலாகாது என்பதற்கு அது ஒரு காவல்.

இவ்விதியை மறந்தால் அரசாங்கமும் தப்பாது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் தென் கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தகவல் மையத்தில் பேட்டரியிலிருந்து தீ மூண்டது. அரசு ஊழியர் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' என்னும் தொகுப்பு அதில் எரிந்தது. அதன் அளவு 858 டெராபைட். தொகுப்பு மிகப் பெரிது என்பதைக் காரணமாகக் கொண்டு அதற்கு வேறிடத்தில் நகல் வைக்கப்படவில்லை. தொழில்நுட்பத்தில் உலகிற்கே வழிகாட்டும் நாடு அது. அறிவு இல்லாமையால் அன்று, ஏற்பாடு இல்லாமையால் அவ்விழப்பு நேர்ந்தது.

செய்யும் முறை

இனி, ஒரு குடும்பம் இதை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்படி, ஒன்றுசேர்த்தல். அம்மாவின் செல்போனில் சில படங்கள், மகனின் மடிக்கணிப்பொறியில் சில, வாட்ஸாப்பில் வந்தவை சில எனச் சிதறிக் கிடப்பவற்றிற்கு நகல் எடுக்க இயலாது. குடும்பக் கணிப்பொறியில் 'குடும்பம்' என்று ஒரு கோப்புறையை ஏற்படுத்தி, அதனுள் ஆண்டு வாரியாகப் படங்களையும், 'ஆவணங்கள்' என்னும் பிரிவில் சான்றிதழ்களையும் பத்திரங்களையும் சேர்த்துவிடுங்கள். விடுமுறையில் பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைத்தால், குடும்ப வரலாற்றையும் அவர்கள் அறிந்துகொள்வர்.

இரண்டாம் படி, வெளி டிஸ்க். பெரும்பாலான இல்லங்களுக்கு 1 டி.பி. கொள்ளளவு போதுமானது. விண்டோஸ் கணிப்பொறியில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்னும் வசதி ஏற்கெனவே உள்ளது. வெளி டிஸ்க்கை இணைத்து, கன்ட்ரோல் பேனலில் அதை இயக்கிவிட்டால், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் முதலிய இடங்களில் உள்ளவற்றை அது நகல் எடுக்கும். மாற்றம் செய்யப்பட்ட கோப்பின் பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். நீங்கள் தனியாக ஏற்படுத்திய கோப்புறை அவ்விடங்களுக்கு வெளியே இருப்பின், அது தானாக இதில் அடங்காது. ஆதலால் 'குடும்பம்' கோப்புறையை டாக்குமெண்ட்ஸின் உள்ளேயே வையுங்கள். ஆப்பிள் கணிப்பொறி உடையோர்க்கு 2007-ஆம் ஆண்டு முதல் 'டைம் மெஷின்' என்னும் வசதி உண்டு. டிஸ்க் இணைந்திருக்கும்போது அது மணிக்கு ஒருமுறை நகல் எடுத்து, கடந்த மாதத்திற்கு நாள்தோறும் ஒன்றும், அதற்கு முற்பட்ட காலத்திற்கு வாரம் ஒன்றும் என வைத்துக்கொள்ளும்.

நகல் எடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். எந்நேரமும் இணைந்திருக்கும் டிஸ்க்கை வைரஸும் மின்னலும் எளிதில் எட்டும். வாரம் ஒரு நாள் இணைத்து, வேலை முடிந்ததும் கழற்றுவதே வீட்டிற்கு உகந்தது.

மூன்றாம் படி, வேறிடப் பிரதி. இதற்கு வழிகள் இரண்டு. மற்றொரு டிஸ்க்கை வாங்கி, அதிலும் நகல் எடுத்து, வேறு தெருவில் அல்லது வேறு ஊரில் உள்ள அண்ணன் வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ வைக்கலாம். பண்டிகைக்குச் செல்லும்போது புதிய நகலைக் கொடுத்து பழையதை வாங்கி வரலாம். அவர்களுடைய டிஸ்க் நம் வீட்டில் இருக்கலாம். அன்றேல் கட்டணம் செலுத்திக் கிளவுடில் வைக்கலாம். இரண்டிற்கும் வசதி இல்லாதவர்கள், மிக முக்கியமான ஆவணங்களையும் தேர்ந்தெடுத்த சில நூறு படங்களையும் மட்டுமேனும் இலவச 15 ஜி.பி.யில் தனியே ஏற்றி வைக்கலாம். எல்லாவற்றையும் காக்க இயலாதவர் இன்றியமையாததைக் காத்துக்கொள்ளட்டும்.

நான்காம் படி, மீட்பு பென் டிரைவ். இதுவரை கூறியவை கோப்புகளைக் காப்பவை. விண்டோஸே இயங்காமல் திரை கருமையாக நின்றுவிட்டால் உள்ளே செல்ல ஒரு வாயில் வேண்டும். கணிப்பொறி நலமாக இருக்கும் இப்போதே, தேடும் கட்டத்தில் 'ரெக்கவரி டிரைவ்' என்று தட்டினால், அதை உருவாக்கும் வசதி திறக்கும். 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். அதில் முன்பு இருப்பவை யாவும் அழிந்துவிடும். ஆதலால் வெறுமையான ஒன்றையே பயன்படுத்துங்கள். உருவாக்கியபின் 'மீட்பு' என்று சீட்டு ஒட்டி, ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகச் செய்துகொள்ளுங்கள். இது வாயிலைத் திறக்குமேயன்றி, உங்கள் படங்களை இது சுமப்பதில்லை. அது மட்டுமன்று, அதைக் கொண்டு கணிப்பொறியைப் புதிதாக நிறுவினால் உள்ளே இருக்கும் கோப்புகள் அழியும். எனவே, படங்களின் நகல் கையில் இருப்பது உறுதியான பின்னரே அவ்வழியை நாடவேண்டும்.

கணிப்பொறி முழுவதையும் விண்டோஸோடும் மென்பொருள்களோடும் சேர்த்து அச்சு எடுத்தாற்போல் நகல் எடுக்கும் முறையும் உண்டு. அலுவலகத்திற்கும் தொழில் செய்வோர்க்கும் அது பெரிதும் பயன்படும். இல்லங்களுக்கு அது கட்டாயமன்று. மென்பொருளை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டதால், பல இல்லங்கள் புதிய கணிப்பொறிக்கோ விண்டோஸ் 11-க்கோ மாறி வருகின்றன. மாறுவதற்கு முன் இந்நான்கு படிகளையும் முடித்துவிடுவது அறிவுடைமை.

சாவி யாரிடம்?

முன்னர்க் குறிப்பிட்ட ஐந்தாவது வழிக்கு வருவோம். அண்மைக் காலத்தில் வாங்கிய விண்டோஸ் 11 மடிக்கணிப்பொறிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு நுழைந்த அன்றே டிஸ்க் முழுவதும் தானாகப் பூட்டப்படுகின்றது. திருடன் கையில் சிக்கினாலும் படிக்க முடியாதபடி செய்யும் நல்ல காவல் இது. ஆனால் பழுது நேர்ந்து மீட்க முயலும்போது, 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியை அக்கணிப்பொறி கேட்கும். அச்சாவி இன்றேல் உரிமையாளருக்கும் உள்ளே இடமில்லை.

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், க்ரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட பழுதான ஒரு திருத்தத்தால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் புறப்படவில்லை. அவை பெரும்பாலும் அலுவலகக் கணிப்பொறிகள். பழுதைக் களையும் முறை எளியது. ஒரே ஒரு கோப்பை நீக்கினால் போதும். ஆயினும் பூட்டிய டிஸ்க்குகளில் அக்கோப்பை எட்டுவதற்கே 48 இலக்கச் சாவி தேவைப்பட்டது. சாவியைத் தேடுவதே பல அலுவலகங்களில் பெரும்பாடாயிற்று.

உங்கள் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே அக்கணக்கினுள் நுழைந்து, அதைக் காகிதத்தில் எழுதி அல்லது அச்சிட்டு வையுங்கள். பூட்டிய கணிப்பொறிக்குள்ளேயே அதன் சாவியைச் சேமிப்பது, வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவை இழுத்துச் சாத்துவதற்கு ஒப்பாகும்.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. பல இல்லங்களில் பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒருவர் தலைக்குள்ளேயே இருக்கின்றன. குடும்பத் தலைவர் திடீரென மறைந்தால், அல்லது நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தால், மனைவியும் பிள்ளைகளும் காப்பீட்டுப் பத்திரத்தையும் வங்கி விவரத்தையும் எங்ஙனம் எடுப்பர்? துயரத்தின் நடுவே, அவர் சிரித்த படம் ஒன்றைத் தேடி அடைத்த திரையின் முன் அவர்கள் அமர்ந்திருப்பது எத்துணைக் கொடுமை! ஆகவே ஒரு சிறு நோட்டில் கணிப்பொறியின் பாஸ்வேர்டு, மின்னஞ்சல் பாஸ்வேர்டு, 48 இலக்கச் சாவி, நகல்கள் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதி, உறையிலிட்டு ஒட்டி, நிலப் பத்திரம் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். அது அங்கிருப்பதைக் கணவனும் மனைவியும் இருவருமே அறிந்திருக்கட்டும்; வளர்ந்த பிள்ளை ஒருவரும் அறிந்திருக்கட்டும். பாஸ்வேர்டை மாற்றும்போதெல்லாம் நோட்டிலும் மாற்றுங்கள்.

நாம் நெடுநாள் நுழையாவிட்டால் நம் கணக்கை யார் பார்க்கலாம் என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதியைக் கூகிள் நிறுவனம் 2013-ஆம் ஆண்டு முதலும், இறந்தவரின் கணக்கைத் திறக்க உரிமையுள்ளவரைக் குறிக்கும் வசதியை ஆப்பிள் நிறுவனம் 2021-ஆம் ஆண்டு முதலும் தந்து வருகின்றன. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை அதிலுள்ள யாவற்றோடும் கூகிள் நீக்கிவிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், மறைந்த பெற்றோரின் கணக்கை அப்படியே விட்டுவிடலாகாது.

மீட்டுப் பார்க்கும் நாள்

எல்லாம் செய்தாகிவிட்டது என்று அமர்ந்துவிட வேண்டா. பிக்சார் நிறுவனத்தாரும் எல்லாம் செய்தாகிவிட்டது என்றே நம்பியிருந்தனர். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒரு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். அரை மணி நேரம் போதும்.

வெளி டிஸ்க்கை வேறொரு கணிப்பொறியில் இணையுங்கள். உறவினர் வீட்டுக் கணிப்பொறியாயினும் சரியே. அதிலிருந்து பழைய படம் ஒன்று, சென்ற வாரத்துப் படம் ஒன்று, வீடியோ ஒன்று, ஆவணம் ஒன்று என நான்கை எடுத்துத் திறந்து பாருங்கள். பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. படம் முழுமையாக விரிகின்றதா, வீடியோ இறுதிவரை ஓடுகின்றதா, ஆவணத்தின் எல்லாப் பக்கங்களும் உள்ளனவா என்று கவனியுங்கள். சென்ற வாரத்துப் படம் அங்கே இல்லையெனில், நகல் எடுப்பது என்றோ நின்றுவிட்டது என்று பொருள். அதை இன்று அறிவது சிறு வருத்தம். விபத்திற்குப் பின் அறிவது பேரிழப்பு.

அடுத்து, மீட்பு பென் டிரைவைச் செருகி அதன் வழியாகக் கணிப்பொறியைத் தொடங்கிப் பாருங்கள். தொடங்கும்போது எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்பது கணிப்பொறிக்குக் கணிப்பொறி வேறுபடும். அதைக் கண்டறிந்து பென் டிரைவின் சீட்டிலேயே குறித்துவையுங்கள். மீட்புத் திரை தோன்றியதும் வேறு எதையும் அழுத்தாமல் கணிப்பொறியை அணைத்து, பென் டிரைவை எடுத்துவிடுங்கள். வாயில் திறக்கின்றதா என்று அறிவதே நம் நோக்கம். உள்ளே சென்று எதையும் மாற்றுவதன்று.

இறுதியாக, இச்சோதனையை எப்போதும் ஒருவரே செய்யலாகாது. கணிப்பொறியை நன்கறிந்த மகன் ஒருமுறை செய்தால், அடுத்த முறை தாய் செய்யட்டும். மகன் அருகில் அமர்ந்து வாய் திறவாமல் பார்த்திருக்கட்டும். உறையிலுள்ள நோட்டை மட்டும் கொண்டு தாயால் ஒரு படத்தை மீட்டெடுக்க முடிந்தால், அந்த வீட்டின் ஏற்பாடு செம்மையானது. முடியாவிடில், நோட்டில் எந்த வரி விளங்கவில்லையோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.

மாதம் முடிவதற்குள் ஒரே ஒரு வேலையையேனும் செய்து முடிப்போம். நகல் இல்லாதவர்கள் டிஸ்க் ஒன்றை வாங்கி 'குடும்பம்' கோப்புறையை அதில் ஏற்றட்டும். நகல் வைத்திருப்போர் அதிலிருந்து ஒரு படத்தை எடுத்து, இல்லத்தார் எல்லாரும் கூடியிருக்கும் வேளையில் திறந்து பார்க்கட்டும். அது தாத்தாவின் அந்தச் சிறிய வீடியோவாகவே இருக்கட்டும். அவர் குரல் தெளிவாகக் கேட்டால், உங்கள் நகல் உண்மையான நகல் என்று அன்று நிம்மதியாக உறங்கலாம்.